விற்பனை மாறுபாடு: விற்றுமுதலில் கணக்கிடுவதா, லாபத்தில் கணக்கிடுவதா?

திட்டமிட்ட விற்பனைக்கும் நடந்த விற்பனைக்கும் உள்ள வித்தியாசமே விற்பனை மாறுபாடு. அதை விற்றுமுதலில், அதாவது விற்று வந்த மொத்தப் பணத்தில், கணக்கிடலாம்; செலவு போக மிஞ்சும் லாபத்திலும் கணக்கிடலாம். மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சிப்ஸும் பொரித்து விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

ஓண மாதத்துக்கான திட்டம்: ஏத்தங்காய் 600 கிலோ, கிலோ 400 ரூபாய், மரச்சீனி 400 கிலோ, கிலோ 200 ரூபாய். காய், எண்ணெய், கூலி போன்ற மாறும் செலவுகள் போக ஏத்தங்காயில் கிலோவுக்கு 100 ரூபாயும் மரச்சீனியில் 40 ரூபாயும் மிஞ்ச வேண்டும். நடந்ததோ வேறு. ஏத்தங்காய் 420 ரூபாய்க்கு 500 கிலோதான் விற்றது. மரச்சீனி அதே 200 ரூபாய்க்கு 600 கிலோ விற்றது.

விலை மாறுபாடு இரு முறைகளிலும் ஒன்றே: 500 × 20 = 10,000 ரூபாய், சாதகம். விற்ற கிலோக்கள் மாறியதால் வரும் அளவு மாறுபாட்டில்தான் வழி பிரிகிறது.

விற்றுமுதல் முறையில், ஏத்தங்காயில் குறைந்த 100 கிலோவுக்கு 40,000 ரூபாய் பாதகம். மரச்சீனியில் கூடிய 200 கிலோவுக்கு 40,000 சாதகம். விடை பூஜ்யம். லாப முறையில் அதே கிலோக்களைத் திட்டப்படி கிலோவுக்கு மிஞ்ச வேண்டிய மிச்சத்தால் பெருக்குகிறோம்: 10,000 பாதகம், 8,000 சாதகம்; ஆக 2,000 ரூபாய் பாதகம். ஏத்தங்காயில் விலையில் 25 விழுக்காடு மிஞ்சுகிறது, மரச்சீனியில் 20 விழுக்காடுதான். எல்லாப் பொருளிலும் விழுக்காடு ஒன்றாக இருந்தால் விற்றுமுதல் முறை போதும். இல்லையென்றால் அது கடைக்காரரை ஏமாற்றும். நான் லாப முறையையே சொல்வேன்.

அந்த 2,000 ரூபாயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் விற்ற 1,100 கிலோ, திட்டத்தின் 60:40 விகிதப்படி 660, 440 என்று போயிருக்க வேண்டும். 160 கிலோ ஏத்தங்காயிலிருந்து மரச்சீனிக்கு நகர்ந்துவிட்டது. கிலோவுக்கு 60 ரூபாய் (100 − 40) இழப்பு என்றால், இந்த நகர்வால் வந்த கலவை மாறுபாடு 9,600 பாதகம். திட்டத்தில் 1,000 கிலோவுக்கு 76,000 ரூபாய் மிஞ்ச வேண்டும்; எனவே கூடுதலாக விற்ற 100 கிலோவுக்குச் சராசரி 76 ரூபாய் வீதம் மொத்த அளவு மாறுபாடு 7,600 சாதகம். (ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றை வாங்கும் பொருள்களுக்குத்தான் இந்தப் பிரிவு பொருந்தும். சிப்ஸையும் தேனையும் ஒரே தராசில் கூட்டிக் கலவை பார்ப்பதில் பயனில்லை.)

ஓணத்தை ஒட்டிக் காய் விலை ஏறுமே என்று கேட்கலாம். அது செலவு மாறுபாட்டில் சேர வேண்டியது. இங்கே திட்டச் செலவையே வைப்பதால் விற்பனைக் கணக்கைக் காய் விலை தொடுவதில்லை. கடை வாடகையைக் கிலோக்களுக்குப் பங்குவைத்து மிச்சத்தில் கழிக்கவும் கூடாது. 100 கிலோ குறைந்ததால் வாடகை குறையாது.

விலையேற்றம் தந்தது 10,000. கலவை தின்றது 9,600. அந்த 20 ரூபாய்தான் வாங்க வந்தவர்களை மரச்சீனிப் பக்கம் தள்ளியதா என்று கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும். விற்றுமுதல் முறையிலும் கலவையைப் பிரிக்கலாம். ஆனால் அங்கே கலவையில் 32,000 (160 × 200) பாதகமும் மொத்த அளவில் 32,000 (100 × 320) சாதகமும் ஒன்றையொன்று விழுங்கி, கேள்வியே எழாமல் போய்விடும்.