அம்பாசிடர் கதவுக் கண்ணாடிச் சேனல்: மாற்றி ஏழு ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1985-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. நாகர்கோவிலில் வாங்கியது, நாகர்கோவிலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் அதன் நான்கு கதவுகளுக்கும் கண்ணாடிச் சேனல்களைப் புதிதாக மாற்றினேன். பழைய வண்டியைச் சீர்செய்தவர்களிடம் எஞ்சினைப் பற்றியோ பெயின்ட்டைப் பற்றியோ கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். சேனலைப் பற்றிக் கேட்டால் மட்டும் "புதுசு போட்டாச்சு" என்று முடித்துக்கொள்வார்கள். புதிது போட்ட அன்று எந்தச் சேனலும் நன்றாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் ஆண்டுதோறும் வாங்கிக்கொள்ளும் இந்த மாவட்டத்தில், ஏழு ஆண்டுகளும் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டரும் கடந்த பிறகு அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கதவுச் சட்டத்தின் உட்புறம் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தைத்தான் சேனல் என்கிறோம். 'ப' வடிவத்தில் மடித்த தகட்டுக்குள் கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும். கண்ணாடியின் ஓரம் அந்தக் கம்பளியில் உரசிக்கொண்டு நகரும். இதைத் தவிர, கண்ணாடியின் கீழ் விளிம்பைக் கவ்விப் பிடித்து, ஏற்றி இறக்கும் மெஷினோடு இணைக்கும் அடிச் சேனல் ஒன்று கதவுக்குள் மறைந்திருக்கும். முதலாவது கெட்டால் கண்ணாடி ஆடும் அல்லது இறுகும். இரண்டாவது கெட்டால் கண்ணாடி ஒருநாள் கதவுக்குள் விழுந்துவிடும். என் வண்டியில் இரண்டும் கெட்டிருந்தன.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது வண்டி திறந்த வெளியில் நின்றது. மரங்கள் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் காரின் கதவைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை. இரண்டு வாரம் கழித்து ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்ற முயன்றேன். கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றது. பலம் கொடுத்துச் சுற்றியதும் உள்ளே மெஷினில் பல் நழுவும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே, சில ஆண்டுகளாக, மேடு பள்ளத்தில் அந்தக் கண்ணாடி கடகடவென்று ஆடியதையும், மழை நாளில் முழங்கையில் தண்ணீர் சொட்டியதையும் 'பழைய வண்டி அப்படித்தான்' என்று பொறுத்துக்கொண்டிருந்தேன்.

கைப்பிடியின் பின்னால் உள்ள வட்டத் தட்டை அமுக்கிப் பிடித்து, குறுக்கே செருகியிருந்த சிறு ஊசியைத் தட்டி எடுத்து, கதவின் உட்புறத்தை மூடும் அட்டையான பேடைக் கழற்றினேன். ரெக்சின் போர்த்திய அந்த ஹார்டுபோர்டின் கீழ்ப்பகுதி அரை அடி உயரத்துக்கு உப்பி, நனைந்த பிஸ்கட் போல விரலோடு உதிர்ந்தது. கதவின் அடியில் செம்மண், வேப்பிலை, 25 பைசா நாணயம் ஒன்று, எல்லாம் சேர்ந்து கெட்டியான சேறாகி வடிகால் துளைகள் மூன்றையும் அடைத்திருந்தன. பழைய சேனலை மேலிருந்து இழுத்தபோது கம்பளி தனியாகவும் தகடு தனியாகவும் வந்தது. தகட்டின் மடிப்பில் துரு அடுக்கடுக்காகப் பெருத்து, உள் அகலத்தைக் குறைத்திருந்தது. கண்ணாடி இறுகியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. துருப்பிடித்த இரும்பு, தேய்வதற்கு முன்பு பெருக்கும். பெருத்த துரு கம்பளியைக் கண்ணாடி மீது அழுத்தும். கம்பளியோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அதே தகட்டுக்கு நாள் முழுவதும் ஊட்டும்.

கதவுக்குள் தண்ணீரே போகக் கூடாது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நானும் எண்ணியிருந்தேன். கண்ணாடி ஏறி இறங்கும் கதவு எதுவாக இருந்தாலும், மழையில் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து உள்ளே இறங்கியே தீரும். வடிவமைத்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் அடியில் துளைகளையும், கதவுப் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளையும் வைத்தார்கள். என் வண்டியில் துளைகள் அடைந்திருந்தன. தாளை எப்போதோ ஒரு மெக்கானிக் கிழித்து வீசியிருந்தார். சேனல் மாற்றும் வேலையில் பாதி இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பொருள் வாங்குவது எளிதாக இல்லை. மேற்கு வங்கத்தின் உத்தரப்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைத்தாலும், கதவுக்கான சின்னச் சின்னச் சாமான்கள் கடைகளில் குறைந்துவிட்டன. வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் அரை நாள் அலைந்ததில், தகட்டுக்குள் கம்பளி வைத்த பழைய வகைச் சேனல் இரண்டு கதவுகளுக்கு மட்டுமே கிடைத்தது. மீதி இரண்டு கதவுகளுக்கு, நைலான் துகள் படிந்த ரப்பர் சேனலை மீட்டர் கணக்கில் வாங்கினேன். திட்டமிட்டுச் செய்த சோதனை இல்லை இது; வேறு வழியில்லாமல் வலப்பக்கக் கதவுகளுக்குக் கம்பளியும் இடப்பக்கக் கதவுகளுக்கு ரப்பரும் என்று அமைந்தது. ஆனால் ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதியாயிற்று.

வாங்கும் முன் கண்ணாடியின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்வது அவசியம். என் வண்டியில் அது 5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. கடைக்காரர் கையால் கிள்ளிப் பார்த்து "இது சேரும்" என்று கொடுத்த முதல் ரப்பர் சுருள், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி குறைந்ததால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதோடு மல்லுக்கட்டினால் மெஷினின் பற்கள்தான் தேயும்.

கதவுச் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சை இரண்டு முறை அடித்தேன். இரண்டு இடங்களில் தகடு ஓட்டையாகவே போயிருந்ததால் தகடு வேலை செய்யும் டிங்கரிடம் கொண்டுபோய்ப் பற்றவைக்க வேண்டியிருந்தது. பற்றவைத்த இடத்தின் உட்புறம் அரம் போட்டு மழுக்கப்பட்டிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு முள் போன்ற பிசிறு போதும், புதுச் சேனலை ஒரே மாதத்தில் கிழித்துவிடும்.

அடிச் சேனலில்தான் நான் தவறு செய்தேன். கண்ணாடியின் கீழ் விளிம்பில் ரப்பர் பட்டையை மடித்து வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பர் சுத்தியலால் சேனலைத் தட்டி ஏற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனால் பழைய சேனல் கண்ணாடியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என்று குறித்துவைக்காமலே கழற்றிவிட்டேன். கண்மதிப்பில் பொருத்திய புதுச் சேனல் ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்தது. கண்ணாடி பாதி உயரம் வரை நன்றாக ஏறி, அதற்கு மேல் முன்பக்கம் தாழ்ந்து சாய்ந்து, முக்கோணக் கண்ணாடியை ஒட்டிய நடுக்கம்பியில் சிக்கியது. கம்பளி தடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்த டிங்கர், கண்ணாடியை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, "கண்ணாடி முன்னாடி சாயுது சார், மேல என்ன தேடுறீங்க? அடிச் சேனலக் கழத்துங்க" என்றார். இன்னொரு கதவைத் திறந்து அளவெடுத்து மாற்றிய பிறகு, அதே கண்ணாடி இரண்டு விரலால் சுற்றும் அளவுக்கு இலேசானது. நடுக்கம்பியின் கீழ்முனையைப் பிடிக்கும் போல்ட்டை உடனே இறுக்காமல், கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கி, அது தன் பாதையைத் தானே எடுத்துக்கொண்ட பின் இறுக்குவது நல்லது என்பதையும் அவரிடமே கற்றேன்.

இனி, ஏழு ஆண்டுகளின் கணக்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் இரு பக்கங்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நான்கு கண்ணாடிகளும் சத்தமின்றி ஏறின, ஆட்டம் அறவே நின்றது. மூன்றாம் ஆண்டுக் கோடையில் இடப்பக்க ரப்பர் சேனல் முனகத் தொடங்கியது. கண்ணாடி அதிகம் உரசும் பின்விளிம்பில் நைலான் துகள் தேய்ந்து, வெறும் ரப்பர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. வெயில் ஏறிய மதியங்களில் கீச்சென்ற சத்தம் தெருவுக்கே கேட்கும். வலப்பக்கக் கம்பளியில் இந்தத் தொல்லை இன்றுவரை இல்லை. ஓட்டுநர் கண்ணாடி மற்ற மூன்றையும் சேர்த்த அளவுக்கு ஏறி இறங்கியும், கம்பளி சற்றே படிந்திருக்கிறதே தவிர தேயவில்லை.

மழையில் கதை தலைகீழ். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழைக்குப் பின் நான்கு கதவுகளையும் திறந்து பார்த்தேன். ரப்பர் சேனல் வைத்த சட்டங்களில் ரெட் ஆக்சைடு அடித்தது அடித்தபடியே இருந்தது. கம்பளிச் சேனலோ, மழை விட்டு நான்கு நாள் ஆகியும் விரலால் அழுத்தினால் ஈரம் கசிந்தது. அதன் சொந்தத் தகட்டில், கீழ் முனைகளில், ஆரஞ்சு நிறத் துரு அரும்பியிருந்தது. இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயக் குறைவும் உண்டு. என் கொட்டகையில் வண்டி வடக்குப் பார்த்து நிற்பதால், மாலை வெயிலும் தென்மேற்குச் சாரலும் இடப்பக்கத்தில்தான் விழும். அத்தனை சாரல் வாங்கியும் அந்தப் பக்கம் துருப்பிடிக்காதது ரப்பருக்கு ஆதரவான சாட்சி. அதன் துகள் சீக்கிரம் தேய்ந்ததில் அந்த வெயிலுக்கும் பங்கு இருக்கலாம்.

கம்பளிக்கு இன்னொரு குறையும் உண்டு. புழுதியை அது விடாது. நான்காம் ஆண்டில் ஓட்டுநர் கண்ணாடியின் ஓரமாக மெல்லிய செங்குத்துக் கீறல்கள் விழுந்தன. கம்பளியில் புதைந்த மணல்தான் காரணம். கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடியைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலோட்டமான கீறல்கள் மங்கின, நகத்தில் தட்டுப்படும் கீறல்கள் அப்படியே நிற்கின்றன. இன்னும் தேய்த்தால் கண்ணாடி அலையலையாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பராமரிப்பு என்று பார்த்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பல்துலக்கும் தூரிகையால் சேனலைத் துடைத்து, ரப்பர் பக்கத்துக்கு மட்டும் சிலிகான் ஸ்பிரே அடிக்கிறேன். முன்பொரு முறை, கண்ணாடி இலேசாக ஏறட்டும் என்று கம்பளியில் கிரீஸ் தடவிய ஒரு பட்டறையின் புண்ணியத்தில் பழைய சேனல் கரும்பசையாகி, கண்ணாடி முழுக்க அப்பியது. கிரீஸ் என்பது, கண்ணாடியை ஏற்றும் மெஷினின் பல்லுக்கும் அதன் தூக்குக் கைக்கும் உரியது. சேனலுக்கு அது ஆகாது. மழைக்காலத்துக்கு முன் ஒரு சைக்கிள் கம்பியை மூன்று வடிகால் துளைகளிலும் விட்டுக் குடைவேன். ஐந்து நிமிட வேலை.

உள்ளபடியே தோற்றுப்போனது ஒன்றே ஒன்று: சட்டத்தின் மேல் மூலைகளில் சேனலை வெட்டி ஒட்டிய இணைப்பு. தோல் வேலைக்குப் பயன்படுத்தும் ரப்பர் பசையால் ஒட்டியிருந்தேன். இரண்டு கோடைகளில் அது இளகி, கம்பளி நாக்கு போலத் தொங்கியது. மூலையில் வெட்டாமல், தகட்டின் பக்கவாட்டில் மட்டும் சிறு வெட்டுகள் கொடுத்து ஒரே துண்டாக வளைத்திருக்க வேண்டும். பின் கதவில் அப்படிச் செய்த இடம் இன்றும் அசையவில்லை.

இந்தப் பங்குனியில் இடப்பக்க முன்கதவின் ரப்பரைக் கழற்றிப் புதிது போட்டேன். இம்முறை அதே வகை ரப்பர்தான், மூலைகளில் வெட்டாமல். வலப்பக்கக் கம்பளியை இன்னும் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் தொடுவதாக இருக்கிறேன். கீழ்முனைத் துரு கால் அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கமும் ரப்பருக்கு மாறிவிடும். முனகலைச் சிலிகான் ஸ்பிரேயால் அடக்கிவிடலாம், அரித்துப்போன சட்டத்தை மறுபடி பற்றவைக்க டிங்கரிடம் போக எனக்கு மனமில்லை.