நெட் தரவுத்தளத்தின் கேலக்ஸி தொலைவுப் பட்டியல்: சராசரியை மட்டும் எடுக்காதீர்கள்

ஒரு கேலக்ஸி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தேடுபவர்களுக்கு, கால்டெக்கின் ஐபேக் மையம் நாசா ஆதரவில் நடத்தும் ‘நெட்’ (நம் கேலக்ஸிக்கு வெளியே உள்ளவற்றின் தரவுத்தளம்) அருமையான சேவை. இலவசம். எம்101 என்ற கேலக்ஸியைத் தேடி, தொலைவுக்கான டேபைத் திறந்தால், ஆய்வுக் கட்டுரைகளில் வெளியான அளவீடுகள் வரிசையாக வரும். செஃபீடா (சீராகத் துடிக்கும் விண்மீன்), முதலாம் ஏ வகை சூப்பர்நோவாவா (விண்மீன் வெடிப்பு), டல்லி-ஃபிஷரா (கேலக்ஸி சுழலும் வேகத்தை வைத்துக் கணிப்பது) என்று எந்த முறையில் கிடைத்தது என்பதும் கூடவே இருக்கும்.

அங்கேயே தரப்படும் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. எம்101இல் வெடித்த எஸ்என் 2011எஃப்இ ஒரே சூப்பர்நோவா; பல குழுக்கள் அதை அலசியதால் பல வரிகளாக நிற்கிறது. ஒரே வெடிப்பைத் திரும்பத் திரும்ப எண்ணினால் பிழை குறைந்ததுபோலத் தெரியுமே தவிர, குறையாது.

பட்டியலை இறக்கி, முதலில் முறைவாரியாகப் பிரியுங்கள். பிறகு பலரும் தாண்டிப் போகும் இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். ஒன்று, செஃபீட் கணக்குகளுக்கு அடிப்படை அளவுகோலான அண்டைக் கேலக்ஸி, பெரிய மெகல்லன் மேகத்துக்கு அந்தக் கட்டுரை வைத்துக்கொண்ட தொலைவு மாடுலஸ் (தொலைவை மடக்கை அளவில் சொல்லும் எண்). பழைய செஃபீட் அளவீடுகள் பலவற்றில் இது 18.50. கிரகண இரட்டை விண்மீன்களைக் கொண்டு 2019இல் கிடைத்த மதிப்பு 18.477. அதற்கு மாற்ற 0.023 கழித்தால் போதும்; தொலைவு சுமார் 1% குறையும். மற்றது ஹபிள் மாறிலி, அதாவது பிரபஞ்சம் விரியும் வீதம். இங்கேதான் அடி பலமாக விழும்: ஒரு சூப்பர்நோவா வரி 65 என்றும் இன்னொன்று 73 என்றும் வைத்திருந்தால், 0.25 மாடுலஸ், அதாவது 12% வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். இரண்டையும் ஒரே மாறிலிக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

மாடுலஸுடன் 5 கூட்டி, 5ஆல் வகுத்து, 10இன் அடுக்காகப் போட்டால் பார்செக் கிடைக்கும். ஹபிள் தொலைநோக்கித் திட்டத்தின் 2001 முடிவான 29.13, 6.7 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் 10 லட்சம் பார்செக்) ஆகிறது, ஏறத்தாழ 2.2 கோடி ஒளியாண்டு. 2011இல் வந்த இன்னொரு செஃபீட் அளவீடு 6.4 என்கிறது. எம்101இன் மையத்தில் உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) அதிகம், ஓரத்தில் குறைவு. எந்தப் பகுதியின் செஃபீடுகள், என்ன உலோகத் திருத்தம் என்பதைப் பொறுத்து விடை நகரும். பிழை நெடுவரிசையில் பெரும்பாலும் தற்செயல் பிழை மட்டுமே இருப்பதால் இந்த நகர்வு அதில் தெரியாது. மூலக் கட்டுரையைத் திறந்தே ஆகவேண்டும்; குறிப்புக் குறியீட்டின் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டு என்பதால் தேடுவது சுலபம்.

செம்பெயர்ச்சியிலிருந்து (விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) கணக்கிட்ட தொலைவும் பக்கத்தில் வரும். அருகிலுள்ள கேலக்ஸிகளுக்கு அதைத் தொடவே வேண்டாம். ஆண்ட்ரோமெடா நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதற்கு, விலகும் வேகத்திலிருந்து தொலைவைக் கணிக்கும் ஹபிள் விதி எந்தத் தொலைவையும் தராது.

புதியவர்கள் பழக எம்106 கேலக்ஸி நல்லது. அதன் மேசர் (இயற்கையான நுண்ணலை மூலம்) அளவீடு (2019, 7.58 மெகாபார்செக்) எந்த ஸ்டாண்டர்டு கேண்டிலையும், அதாவது உண்மைப் பிரகாசம் தெரிந்த எந்தப் பொருளையும், நம்பாத வடிவியல் கணக்கு. செஃபீட் வரிகளை அதற்கு எதிரே வைத்து, விலகி நிற்பவை எந்த மெகல்லன் மதிப்பை எடுத்துக்கொண்டன என்று முதலில் பாருங்கள்.