ஹட்டனில் இரண்டு நாள் பொட்காஸ்ட் பயிற்சி: முதல் நாளை விட்டுவிடலாம்

தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். ஆசிரியர்களுக்கான சமூக ஊடக, பொட்காஸ்ட் (போனில் கேட்கிற ஒலிப்பதிவு நிகழ்ச்சி) பயிற்சி என்று ஹட்டனில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்தது. கட்டணம் 1,500 ரூபாய். மதியச் சாப்பாடும் பிளேன்டீயும் அதற்குள் அடக்கம்.

முதல் நாள் முழுக்க பேஸ்புக். பக்கம் தொடங்குவது, பிள்ளைகளின் படங்களைப் போட்டு லைக் சேர்ப்பது, அவ்வளவுதான். பேஸ்புக்கில் கணக்கு வைக்கவே 13 வயதாக வேண்டும். என் தரம் 6 பிள்ளைகளுக்கு 11. பெற்றோரைக் கேட்காமல் முகத்தைப் போடலாமா என்று எழும்பிக் கேட்டேன். "அதைப் பிறகு பார்ப்போம் டீச்சர்" என்றார் பயிற்றுநர். அந்தப் பிறகு வரவே இல்லை.

இரண்டாம் நாள் வேறு ஆள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எங்களையே பேசவைத்தார் அந்த இளம் சேர். பதிவை அழுத்தியதும் ஐந்து செக்கன் சும்மா இருக்கச் சொன்னார். அந்த வெறும் இரைச்சலை மட்டும் தெரிவு செய்து மென்பொருளுக்குக் காட்டினால், பதிவு முழுவதிலும் அதே இரைச்சலைக் குறைத்துத் தருகிறது. மின்விசிறி மாதிரி ஒரே சீரான சத்தத்துக்கு நல்லது. எங்கள் குளிரில் மின்விசிறி எங்கே? குவார்ட்டர்ஸ் தகரத்தில் விழும் மழையில் செய்து பார்த்தேன். மழை கொஞ்சம் அடங்கியது, என் குரலோ வாளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. இப்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு அலுமாரிக்குள் தலையை விட்டுப் பேசுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சரி, சிரிக்கட்டும்.

சொல்லாமல் விட்டது கோப்பின் அளவைப் பற்றி. அம்மா கொழுந்தெடுத்து முடித்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு போன் வரும், அதில் டேட்டாவும் கொஞ்சம்தான். மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், 64 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 64 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் பத்து நிமிடப் பாடம் 5 எம்பிக்குள் அடங்குகிறது. பேச்சுக்கு அது தாராளம். இதை நானாகத் தட்டித் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

1867இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த கதையை முதல் பாடமாக வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், அம்மாவும் கேட்டாங்க. அந்த 19 ஏக்கர்ல வேலை செஞ்ச ஆளுங்க பேரு ஏன் வரலனு கேக்குறாங்க" என்றாள். இரண்டாம் பாடத்தை அதற்காகத்தான் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சுற்று டிசம்பர் விடுமுறையிலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறேன்.