மும்பைக் காற்று கைட்போர்டிங்குக்குப் போதுமா: ஆப்பா, விமான நிலைய அறிக்கையா, கைமீட்டரா?

கைட்போர்டிங் என்றால் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, கைட் என்ற பெரிய பட்டம் இழுக்கக் கடலில் சறுக்குவது. போன பிப்ரவரியில் என் மைத்துனன் அதற்காகப் பழைய 12 சதுர மீட்டர் கைட் ஒன்றை விலை பேசி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "அத்தான், மும்பைல காத்து போதுமா? போதும்னா வாங்கிடுறேன்" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் ராமேஸ்வரத்தில் கற்றுக்கொண்டவர்கள். ஜூலையில் போனோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சீராக அடிக்கும். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா என்பதால் காற்றுக்கு ஏற்ற கரையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். காற்று போதுமா என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. மலாடில் குடியிருந்துகொண்டு, வாரம் ஒரு நாள் லீவில், மார்வேயில் படகு ஏறி மனோரிக் கரைக்குப் போகிறவனுக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் காற்றை முன்கூட்டிச் சொல்லும் ஃபோன் ஆப், விமான நிலைய வானிலை அறிக்கை, கையில் பிடித்துக் காற்றை அளக்கும் கைமீட்டர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான் கைமீட்டர் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கைட் ஓட்டுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து 2.2 ஆல் பெருக்கி, காற்றை நாட் கணக்கில் வைத்து வகுத்தால் கைட்டின் அளவு கிடைக்கும். என் எடை 70. பெருக்கினால் 154. அப்படியென்றால் 12 சதுர மீட்டர் கைட்டுக்கு 13 நாட் காற்று வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். இது சாதாரண இரட்டை முனைப் பலகைக்கான கணக்கு. அடியில் இறக்கை பொருத்திய ஃபாயில் பலகை இதைவிடக் குறைந்த காற்றிலேயே ஓடும் என்கிறார்கள், ஆனால் நான் அதில் ஏறியதில்லை.

முதலில் ஆப். ஏழு நாள் முன்னாலேயே பார்க்கலாம், காசு வேண்டாம், கலர் கலராகக் காட்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆப் எதையும் அளப்பதில்லை. அதன் பின்னால் இருப்பது கணினி மாடல், வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு எண் போடுவது. ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாடலின் கட்டம் 13 கிலோமீட்டர். மும்பையின் வரைபடத்தில் 9 கிலோமீட்டரை வைத்துப் பாருங்கள். மனோரிக் கடல், மனோரிக் கழிமுகம், மலாடின் கட்டடங்கள் எல்லாம் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கடல்மேல் வீசும் காற்றும் கான்கிரீட்மேல் வீசும் காற்றும் கலந்த ஒரு எண்தான் நமக்குக் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், நம் கோடைக்காற்று முழுக்க முழுக்கக் கடல்காற்று. என் மகள் மராத்திப் பாடத்தில் இதைக் 'காரே வாரே' என்று படிக்கிறாள், உப்புக் காற்று. காலையில் நிலத்திலிருந்து கிழக்குக் காற்று வீசும். நிலம் சுட்ட பிறகு மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கடல்காற்று நுழையும். அது பதினொரு மணிக்கு நுழைகிறதா, மூன்று மணிக்கு நுழைகிறதா என்பதில்தான் நம் நாள் இருக்கிறது. மார்ச்சில் சாந்தாகுரூஸில் வெயில் 38, 39 டிகிரிக்கு ஏறும்போது, கிழக்குக் காற்று பலமாக இருந்து கடல்காற்று தாமதமானதுதான் காரணம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். வீட்டுக்காரர்களுக்கு அது புழுக்கம், எங்களுக்கு ஒரு நாள் நஷ்டம். அப்படி ஒரு மார்ச் நாளில் நான் பார்த்த ஆப் 14 நாட் என்றது. அரை நாள் லீவு போட்டு, இரவல் கைட்டைத் தூக்கிக்கொண்டு படகு ஏறினேன். இரண்டு மணிக்குக் கரையில் படகுக் கொடி தொங்கிக் கிடந்தது. மூன்றரைக்குத்தான் அசைந்தது. அதற்குள் எனக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டது.

விமான நிலைய அறிக்கை ஆப்பைவிட ஒரு படி மேல், ஏனென்றால் அது உண்மையில் அளந்த காற்று. சாந்தாகுரூஸ் விமான நிலையத்தின் அறிக்கை அரை மணிக்கு ஒன்று வெளியாகும், யாரும் பார்க்கலாம். காற்றுப் பகுதியில் 28012 என்று இருந்தால் 280 டிகிரித் திசையிலிருந்து 12 நாட் என்று பொருள். 280 என்றால் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி. காலையில் 06005, 07004 என்று இருப்பது திடீரென 290 பக்கம் திரும்பினால் கடல்காற்று வந்துவிட்டது என்று வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். இதற்காகவே நான் இன்னமும் அதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் காற்றை அளக்கும் கருவி நிற்கும் இடம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. ஜூஹுவிலும் வில்லே பார்லேயிலும் கட்டடங்களில் இடித்து நொந்த காற்றுதான் அங்கே வந்து சேர்கிறது. அங்கே 10 என்றால் மனோரி மணலில் 12 இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம்.

கண்ணால் பார்த்துச் சொல்வதும் உண்டு. கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட். பரவலாக நுரை பூத்தால் 11 முதல் 16. பழகியவர்களுக்கு இதுவே போதும். மனோரிக் கோலி மீனவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. மும்பைக் கடல் கலங்கலாக இருப்பதால் 9 நாட் காற்றையும் 12 நாட் காற்றையும் பிரித்துச் சொல்ல இன்றும் தடுமாறுகிறேன். கைட்டுக்கோ அந்த மூன்று நாட் வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம்தான் கைமீட்டர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், சின்ன விசிறி சுற்றும், திரையில் எண் வரும். விசிறி வகையைக் காற்றுக்கு நேர் எதிராகப் பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் குறைத்துக் காட்டும். கிண்ணங்கள் சுற்றும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பையில் போட்டால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். எதை வாங்கினாலும் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் விசிறியை மெல்ல அலசிக் காயவிடுங்கள். உப்பு இறங்கினால் அச்சு இறுகும். இறுகிய மீட்டர் குறைத்துக் காட்டுவது நமக்குத் தெரியவே தெரியாது.

அளக்கும் இடம் முக்கியம். மணலின் நடுவில் நிற்காமல் அலை நனைக்கும் ஓரத்துக்கே போய், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியும் நாம் அளப்பது இரண்டு மீட்டர் உயரக் காற்றைத்தான். ஆப்பும் விமான நிலையமும் சொல்வது பத்து மீட்டர் உயரக் காற்று. திறந்த கடல் ஓரத்தில் இரண்டு மீட்டரில் காற்று சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைவாக இருக்கும். ஆகவே என் 13 நாட் கணக்குக்குக் கையில் 11 வந்தாலே போதும். இது தெரியாமல் முதல் மூன்று வாரம் 11 வந்த நாட்களை எல்லாம் 'பத்தாது' என்று நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

இனி நான் சொல்லப்போகும் ஒரே விஷயத்துக்காகத்தான் கைமீட்டரை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன். காற்றின் சராசரி நமக்கு முக்கால்வாசி பயன்படாது. எவ்வளவு அடங்குகிறது, எவ்வளவு எகிறுகிறது என்பதுதான் வேண்டும்.

என் நோட்டிலிருந்து இரண்டு நாட்களைச் சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்றே முக்கால். பத்து நிமிடம் கையைத் தூக்கி, நிமிடத்துக்கு ஒரு தரம் குறைந்ததையும் கூடியதையும் எழுதினேன். மிகக் குறைந்தது 10, மிக அதிகம் 13. இன்னொரு நாள் ஜூன் முதல் வாரம், கடலுக்கு மேல் கறுத்த மேகம். அதே கரை, அதே பத்து நிமிடம். குறைந்தது 7, அதிகம் 21, சராசரி 14. சராசரியை மட்டும் பார்த்தால் ஜூன் நாள்தான் நல்ல நாள்.

ஆனால் காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஏப்ரல் நாளில் 10க்கும் 13க்கும் இடையே இழுப்பு ஒன்றே முக்கால் மடங்குகூட மாறவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்துச் சமாளித்துவிடலாம். ஜூன் நாளில் 7க்கும் 21க்கும் இடையே மூன்று மடங்கு, இழுப்பிலோ ஒன்பது மடங்கு. 7 நாட் காற்றில் கைட் தொய்ந்து தண்ணீரில் விழப்பார்க்கும். கைட்டின் கயிறான லைன் தளர்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் 21 வந்து அடித்தால், இடுப்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையோடு சேர்த்து ஆளை மணலுக்குத் தூக்கிப்போடும். மழை மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டிக் கடலில் பரவுவதால் வரும் வீச்சு இது. அன்று நான் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.

இதை மற்ற இரண்டும் காட்டாது. விமான நிலைய அறிக்கையில் இருப்பது பத்து நிமிடச் சராசரி. உச்ச வீச்சு சராசரியைவிடக் குறைந்தது 10 நாட் கூடுதலாக இருந்தால்தான் அதைத் தனியாகச் சொல்வார்கள். என் ஜூன் காற்று அப்படியே ஓடுபாதையில் வீசியிருந்தால் 14க்கும் 21க்கும் வித்தியாசம் 7தான், எனவே வெறும் 14 என்று போட்டிருப்பார்கள். விமானத்துக்கு அது போதுமான தகவல். ஆப்பில் வீச்சு என்று ஒரு வரி இருக்கும், அதுவும் மாடல் போட்ட கணக்கு. காற்று எவ்வளவு அடங்கும் என்ற எண் இரண்டிலுமே இல்லை. கைட்டைத் தண்ணீரில் போடுவது அந்த அடங்கல்தான்.

இரண்டு மாதம் எழுதிய பிறகு எனக்கென்று ஒரு அளவு வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் மிகக் குறைந்தது 10க்குக் கீழே போகக்கூடாது, மிக அதிகம் மிகக் குறைந்ததில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. கனமான ஆட்களும் நன்றாகப் பழகியவர்களும் இதை மாற்றிக்கொள்ளலாம். என் எடைக்கும், இரண்டு வருடப் பழக்கத்துக்கும் இது சரியாக இருக்கிறது.

திசைக்கு மீட்டர் தேவையில்லை, ஒரு பிடி மணலை விட்டால் தெரியும். நம் கரை மேற்கு பார்த்தது. வடமேற்குக் காற்று கரையோடு சாய்வாக வரும், அதுதான் வேண்டியது. நேர் மேற்கு என்றால் கரையிலேயே தள்ளிக்கொண்டு நிற்கும். காலைக் கிழக்குக் காற்றில் எவ்வளவு அடித்தாலும் இறங்காதீர்கள். கட்டடங்களுக்கு இடையே புகுந்து வருவதால் தாறுமாறாக இருக்கும், அதோடு ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். ஓதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களில் மணல் குறுகி, பின்னால் தென்னையும் சவுக்கும் நெருங்கிவிடும். இருபது மீட்டருக்கு மேல் நீளும் லைனை விரிக்க இடமே இருக்காது.

மழைக்காலம் பற்றி நான் பெரிதாகப் பேச முடியாது. காற்று என்னவோ நிறைய இருக்கிறது. ஆனால் கரையில் நின்று அளந்ததைத் தவிர ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு நாளும் நான் மும்பைக் கடலில் இறங்கியதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, கோலிகளின் படகுகள் கரை ஏறிவிடும். விழுந்தால் எடுத்து வர ஒரு படகுகூட இல்லாத கடலில் அளவு எவ்வளவு காட்டினாலும் எனக்கு மனசு வராது. அந்த மாதங்களுக்கு ராமேஸ்வரம் டிக்கெட் போட்டுவிடுகிறோம்.

மார்ச் முதல் மே வரை நான் அளந்தது 26 மதியங்கள். என் அளவுக்கு 11 தேறியது, அதில் பெரும்பாலானவை ஏப்ரல் பாதிக்குப் பிறகு. இது ஒரே வருடக் கணக்கு, அடுத்த வருடம் மாறலாம். மைத்துனனிடம் நோட்டைக் கொடுத்தேன். அவன் எடை 82, கணக்குப்படி 12 சதுர மீட்டர் கைட்டுக்கு 15 நாட் வேண்டும், கையில் 12லிருந்து 13. என் 11 நாளில் அவனுக்கு நான்குதான் மிஞ்சியது. "அப்ப எனக்குப் பெருசுதான் வேணுமா அத்தான்?" என்றான். பேசி வைத்த 12 சதுர மீட்டர் கைட்டை நான் எடுத்துக்கொண்டேன். அவன் 15 சதுர மீட்டரில் பழையது ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான்.