கிரவுண்ட்வாட்டர் ப்ராஜெக்ட்: ஜெராக்ஸ் எடுத்துப் படிச்ச புக்கு இப்ப ஃப்ரீயா

பாலிடெக்னிக்ல சிவில் பசங்களுக்கு என்விரான்மென்டல் இன்ஜினியரிங் எடுக்குறேன், ஊரு பாலாத்தங்கரை. நான் படிக்கிறப்ப ஃப்ரீஸும் செர்ரியும் சேந்து எழுதின "கிரவுண்ட்வாட்டர்", 1979ல வந்தது, லைப்ரரில ஒரே காப்பி, வீட்டுக்கு தர மாட்டாங்க, நாலு பேர் காசு போட்டு ஒம்பதாவது சாப்டரை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து மாத்தி மாத்தி படிச்சோம். நிலத்தடி தண்ணி எப்படி கெட்டுப்போகுதுன்னு சொல்ற சாப்டர் அது. இப்ப அந்த ஜான் செர்ரியே ஆரம்பிச்ச இந்த கிரவுண்ட்வாட்டர் ப்ராஜெக்ட் சைட்ல முழு புக்கும் ஃப்ரீ, 2020ல இருந்து வர்ற புது புக்குங்களும் ஃப்ரீ. ஒரு வருஷமா கிளாஸ்ல யூஸ் பண்றேன், மனசார சொல்றேன், இப்படி ஒன்னு அப்ப இருந்திருந்தா என் படிப்பே வேற மாதிரி போயிருக்கும்.

செர்ரி கனடால வாட்டர்லூ யுனிவர்சிட்டில ப்ரொஃபசரா இருந்தவரு, 1971ல சேந்தவரு, 2020ல தண்ணி சம்பந்தமான வேலைக்கு குடுக்குற ஸ்டாக்ஹோம் வாட்டர் ப்ரைஸ் வாங்கினாரு. ஒன்டாரியோல போர்டன்னு ஒரு ராணுவ முகாம், அங்க 1982ல அவங்க டீமும் ஸ்டான்ஃபோர்டு டீமும் சேந்து 12 கனமீட்டர் தண்ணில, அதாவது நம்மூர் பெரிய தண்ணி லாரி ஒன்னுல புடிக்கிற அளவு, உப்பும் அஞ்சு வகை கெமிக்கலும் கலந்து மண்ணுக்கு அடில விட்டுட்டு, ஆயிரக்கணக்கான எடத்துல சாம்பிள் எடுத்து வருஷக்கணக்கா பின்னாடியே போனாங்க. உப்பு ஒரு நாளைக்கு சுமாரா 9 சென்டிமீட்டர் நகந்துச்சு, மத்த கெமிக்கல்லாம் மணல்ல ஒட்டி ஒட்டி ஒவ்வொன்னும் ஒவ்வொரு வேகத்துல பின்தங்கிச்சு. இத போர்டுல வரைஞ்சு காட்டினதும் ஒரு பையன், "அப்ப தோல் பதனிடுற ஷாப்பை மூடிட்டாலும் எங்க கிணத்துக்கு கெமிக்கல் இன்னும் வந்துட்டுதான் இருக்குமா சார்"னு கேட்டான். கிளாஸே கொஞ்ச நேரம் பேசல.

மெஷின்ல கிரீஸ் போக்குற டிரைகுளோரோஎத்திலீன் பத்தி வர்ற பகுதியை விட்டுடாதீங்க. அது தண்ணியை விட கனம், அதனால தண்ணி மட்டத்துல நிக்காம கீழ இறங்கி களிமண்லயும் பாறை வெடிப்புலயும் போய் உக்காந்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுட்டே இருக்கும், மோட்டார் போட்டு வருஷக்கணக்கா எறச்சாலும் தீராது. அமெரிக்கால குடிதண்ணிக்கு லிமிட்டே லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான், அப்ப எவ்ளோ கொஞ்சம் போதும் ஒரு ஏரியாவையே கெடுக்கன்னு பாத்துக்கோங்க.

குறைன்னா, ஃபோன்ல ஈக்வேஷன் படிக்கிறது ரொம்ப கஷ்டம், தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பசங்களுக்கு இங்கிலீஷ் பெரிய தடை, நான்தான் பாதி பாதியா தமிழ்ல எழுதிக் குடுக்குறேன். அப்புறம் போர்டன் மணல் பூமி, நம்ம பக்கம் மேல ஆத்து மணல், அதுக்கு கீழ பாறை வெடிப்புல ஓடுற தண்ணி, அதனால அந்த 9 சென்டிமீட்டரை அப்படியே நம்ம போர்வெல்லுக்கு போட்டுப் பாக்காதீங்க.

5க்கு 4.5. புதுசா போறவங்க ஒம்பதாவது சாப்டருக்கு நேரா போகாம ரெண்டாவது சாப்டரை முடிச்சுட்டு போங்க, மண்ணுக்குள்ள தண்ணி எவ்ளோ வேகமா ஓடும்னு சொல்ற டார்சி விதி புரியாம மேல எதுவும் புரியாது.