‘வாய்தா தள்ளிப்போயிருக்கு’ என்ற பதிலை நம்பி ஏமாந்தோம்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு செண்ட் விளை (தோட்டம்) இருக்கிறது. அப்பா இறந்த பிறகு, அதன் வழியே பாதை கேட்டுப் பக்கத்து விளைக்காரர் அம்மா மேல் வழக்குப் போட்டார். சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் பெயரைப் போடப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வக்காலத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரத்தையும் நிலத்தீர்வை ரசீதுகளையும் அசலாகவே கொடுத்துவிட்டோம். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், நகல் போதும். மூன்று தவணையாக 35,000 ரூபாய் கையில் வாங்கினார், ரசீது தரவில்லை.

பதினான்கு மாதம், எப்போது கேட்டாலும் ‘வாய்தா தள்ளிப்போயிருக்கு’ என்பதுதான் பதில். ஒருநாள் அம்மா கோர்ட் வராந்தாவில் வைத்து, “சார், நம்ம கேஸு என்ன ஆச்சு?” என்று கேட்டார். “சட்டம் படிச்சது நீங்களா நானா?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அம்மா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒருநாள், தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்டு எதிர்த்தரப்பு போட்ட நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் வந்தது. வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால், எங்கள் தரப்பில் எதிருரையே, அதாவது எழுத்து மூலமான பதிலே, தாக்கல் ஆகவில்லை. ஏழு மாதத்துக்கு முன்பே, எங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருக்கிறது. அதை ரத்து செய்ய முப்பது நாளுக்குள் மனு போட்டிருக்க வேண்டும்.

நாகர்கோவில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஓடினோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைக்கும், 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அது இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

வக்கீலை மாற்ற, பழைய வக்கீல் ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் கோர்ட் அனுமதி வேண்டும். எங்கள் ஆள் கையெழுத்தும் போடவில்லை, கேஸ் கட்டையும் தரவில்லை. “பாக்கி பத்தாயிரம் தந்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆணைக்குழு மூலம் கிடைத்த புதிய பெண் வக்கீல் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பிய நாலாம் நாள் கட்டு வந்துவிட்டது, கையெழுத்தோடு.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்திருக்கலாம். அவர் தன் கட்சிக்காரரிடம் பேசிவிட்டு, செலவுத்தொகை கட்டினால் ஆட்சேபிக்கவில்லை என்று நீதிபதியிடம் சொன்னார். வெளியே வந்ததும், “உட்காருங்கம்மா” என்று ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். வழக்கைப் பற்றி எங்களிடம் நேராகப் பேசவில்லை. எதிர்க்கட்சிக்காரருக்கு வக்கீல் இருந்தால் அவர் மூலமாகத்தான் பேச வேண்டும் என்பது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி என்று புதிய பெண் வக்கீல் அப்புறம் சொன்னார். எங்களை எதிர்த்து வாதாடுகிறவரிடம் இருந்த மரியாதை, நாங்கள் பணம் கொடுத்தவரிடம் இல்லை.

பழைய வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் மாநிலப் பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம். கண்டிக்கவும், தொழில் செய்யத் தடை போடவும், பெயரையே நீக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கோர்ட்டில் வழக்கு உள்ளவர்கள் இன்றே வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ உங்கள் வழக்குக்கென்று தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால், வாய்தா தேதியும் அன்று என்ன நடந்தது என்பதும் உங்கள் போனிலேயே தெரியும். அம்மா இப்போது அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். பார் கவுன்சிலுக்கான புகாரை போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.