‘ஆர்மேச்சர் போச்சு’ என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கிரில் பட்டறைக்கும் எஸ்டேட் வேலைக்கும் ஆங்கிள் கிரைண்டர் (இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் கை மிஷின்) வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். லேசாக அழுத்தினாலே சுற்று விழுகிற நாலு இன்ச் மிஷின் ஒன்று சர்வீஸுக்குப் போனது. ‘ஆர்மேச்சர் போச்சு, மாத்தியாச்சு’ என்று 1,400 ரூபாய் பில். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் காப்பர் சுருள் கட்டிய தண்டு. திரும்பி வந்தும் அதே மந்தம். திறந்தால் பழைய ஆர்மேச்சரேதான்! மேலே வார்னிஷ் பளபளக்கிறது, அதன் முனையில் காப்பர் பட்டைகளாக இருக்கும் கம்யூட்டேட்டரில், கரண்ட் கடத்த அழுந்தி நிற்கும் கார்பன் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. கார்பனில் ஒன்று புதுசு, இன்னொன்று தேய்ந்து கட்டையானது. கியர் பாக்ஸ் முழுக்க கிரீஸ் திணித்திருக்கிறார்கள்.

உண்மையான கோளாறு, கட்டைக் கார்பன் அதைப் பிடிக்கும் ஹோல்டருக்குள் சிக்கிக்கொண்டதுதான். மழை மாதங்களில் மூலையில் கிடக்கும் மிஷினில் பித்தளை ஹோல்டர் பச்சை பூக்கும். கார்பன் தூளும் ஈரமும் சேர்ந்து பசைபோல இறுகும். ஸ்பிரிங் தள்ளினாலும் கார்பன் கம்யூட்டேட்டரில் சரியாக அழுந்தாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கார்பனையும் வெளியே எடுங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஹோல்டரைத் துடைத்தபின் கார்பன் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஆர்மேச்சர் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர் போதும்: கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஓம்ஸ் சுற்றிலும் ஒரே மாதிரி காட்ட வேண்டும், பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பே கூடாது. இதில் தவறினாலோ, ஓடும்போது கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு பறந்தாலோதான் ஆர்மேச்சர் பேச்சு. மாற்றச் சொன்னால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், தர மறுக்கிற கடை வேண்டாம். கிரீஸ் கியர் பாக்ஸில் பாதிக்கு மேல் போனால் பல்சக்கரம் அதைக் கடைந்தே சூடாகும். இளகி ஆர்மேச்சர் பக்கம் கசியும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மந்தமா? வோல்டேஜைப் பாருங்கள், வேலை நடக்கும்போதே. லைன் கடைசியில் இருக்கும் எஸ்டேட்டுகளில் 180 வோல்ட் வரை இறங்கலாம். 230 கிடைக்க வேண்டிய மிஷினுக்கு 180 கிடைத்தால் பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் காலி. எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பராக இருக்கட்டும், சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். ஸ்பீடு டயல் உள்ள மாடலில் அது 2-ல் நிற்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்கும் பில் போட்டவர்கள் உண்டு.

அந்தக் கடையில் சொன்ன அடுத்த யோசனை இன்னும் மோசம்: ‘கார்டைக் கழட்டிட்டு ஏழு இன்ச் வீல் போடுங்க, நல்லா அறுக்கும்.’ கார்டு என்பது வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு. பிசினில் மணல் சேர்த்து வார்த்த சாதாரண ரெசின் வீலின் விளிம்பு வேக வரம்பு வினாடிக்கு 80 மீட்டர். நாலு இன்ச் மிஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஏழு இன்ச் வீலைச் சுற்றினால் 100-ஐத் தாண்டும். வீல் வெடித்தால் முகத்தில்தான் பாயும்.

சுற்று குறைந்த மிஷினில் வேலை வாங்கும் வழி வேறு. மெதுவாகச் சுற்றும் ரெசின் வீலில் மணல் சீக்கிரம் உதிரும், இரும்பு தேயுமுன் வீல் தேயும். வீல் சிறுக்கச் சிறுக்க விளிம்பு வேகமும் குறைவதால் பாதி தேய்ந்ததைப் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள். வெல்டிங் மேட்டை இறக்க 40 கிரிட் ஜிர்கோனியா ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு); 10, 15 டிகிரி சாய்வில், மிஷின் எடையோடு சற்றே அழுத்தம், கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். அறுக்க 1 மில்லிமீட்டர் வீல், தடித்ததைவிட சுமை வெகுவாகக் குறையும். கல்லுக்கு டைமண்ட் கப் (வைரத்தூள் பதித்த கிண்ண வடிவ வீல்). கவாத்துக் கத்திக்கு மட்டும் அவசரம் கூடாது: விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள்.

வீல் வாங்கும்போது நடு ஓட்டையின் உலோக வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல தயாரிப்புகளில் காலாவதி மாதமும் வருடமும் அதில் அடித்திருக்கும். தயாரித்ததிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. ஈரம் குடித்த ரெசின் பலமிழக்கும். இந்தக் குளிரில் கடை அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்ததை ‘ஆஃபர்’ என்று நீட்டினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.